ரேடியோவுக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு பெட்டி

பல்லவியை முடித்துவிட்டுச் சரணத்துக்கு வாயைத் திறந்தேன். உதடு மைக்கின் கம்பி வலையில் பட்டது. அவ்வளவுதான். பழுக்கக் காய்ச்சிய ஊசியை உதட்டில் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. பல் நாக்கைக் கடித்து, வாயெல்லாம் உப்புக் கரித்தது. பாட்டு பாதியில் நின்றுபோனது.

தென்காசியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தல் அது. ஆனி மாதச் சாரல், வெயிலும் அடிக்கிறது, தூறலும் விழுகிறது. பந்தல் ஓலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரை சொதசொதவென்று கிடந்தது. நான் அதில் வெறுங்காலோடு நின்று பாடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு என் வீட்டுக்காரர்தான் தலைவர். ஆர்மோனியம் வாசிப்பார். நான் நின்றதும் அவர் அதே மெட்டை இன்னொரு சுற்றுச் சுற்றிச் சமாளித்துப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் ஆர்மோனியத்துக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கரண்டைவிட அது மோசம்.

முன்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். 'பாவம், வரி மறந்துபோச்சு' என்று ஒருத்தி சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஷாக் அடித்தது என்று சொன்னேன். அவர் குடையைச் சுழற்றியபடி நடந்தார். "மறந்துபோச்சுன்னா மறந்துபோச்சுன்னு சொல்லு. மைக்கு மேல பழியப் போடாத" என்றார்.

மறுநாள் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் எங்கள் தலைமையாசிரியை அம்மாளிடம் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றார். நான் மூன்றாம் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பாட்டை மறப்பவள் என்று பெயர் வந்துவிட்டால், தென்காசி வட்டாரத்தில் பிறகு யார் கூப்பிடுவார்கள்?

நாலு கம்பிக் கிட்டார்

அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் சாகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாகுல் எங்கள் குழுவில் ஒல்லியாக, நெட்டையாக, யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டு இருப்பவன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இதைப் படிக்கிற சிலருக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். வர வேண்டாம்.

அவனுடைய தாய்மாமா பினாங்கில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்த ஒரு தடவை மருமகனுக்கு ஒரு மின்சாரக் கிட்டார் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். அதில் நாலு கம்பிதான் இருந்தது. மீதி இரண்டு கம்பி கப்பலில் விழுந்துவிட்டதா என்று தபேலாக்காரர் கேட்டார். அது பேஸ் கிட்டார், அடிக்குரல் மட்டும்தான் பேசும் என்று பிறகுதான் தெரிந்தது. மாமாவுக்கே அது தெரியாமல் வாங்கியிருக்கிறார் என்பது என் சந்தேகம்.

அதைத் தனியாக மீட்டினால் ஒரு சத்தமும் வராது. சத்தத்தைப் பெருக்க ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். மாமா அதை வாங்கிவரவில்லை. அப்போதுதான் என் ரேடியோ உள்ளே வந்தது.

அது என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த வால்வு ரேடியோ. மரப்பெட்டி, முன்னால் பொன்னிறத் துணி. அதன் பின்பக்கம் இசைத்தட்டுப் பெட்டியின் வயரைச் சொருகுவதற்கு ஒரு துளை உண்டு. சாகுல் அதில் தன் கிட்டாரைச் சொருகினான். எங்கள் வீட்டு முன்னறையில் அவன் முதல் முதலாக ஒரு கம்பியைத் தட்டியபோது, அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் லேசாக நடுங்கின. எனக்கு நெஞ்சுக்குழியில் ஏதோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அவன் வாசிப்பு இல்லாமல் பாட முடியவில்லை. ஆர்மோனியம் என்னோடு கூடவே ஓடிவரும். அது நல்லதுதான். ஆனால் நிற்பதற்குத் தரை வேண்டாமா? சாகுலின் வாசிப்பு எனக்குத் தரை. மேல்ஸ்தாயிக்குத் தயங்காமல் போனேன் என்றால், கீழே அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் போனேன்.

அண்ணாச்சியின் சாமி

மேலகரத்து வேலாயுதம் அண்ணாச்சியின் மைக் செட் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு விசேஷம் நடக்காது. பூப்புனித நீராட்டானாலும், கட்சிக் கூட்டமானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர் ஏதாவது ஒரு புளியமரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்த வீட்டுக் குழாய் அடுத்த ஊர் வரை கேட்கிறதோ அந்த வீட்டுக் கல்யாணம்தான் பெரிய கல்யாணம்.

அண்ணாச்சிக்கு ஆம்ப்ளிஃபையர் ஒரு சாமி. ஒவ்வொரு விசேஷத்திலும் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மைக்குக்கு ஒரு முழம் பூச்சுற்றி, சூடம் காட்டிவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார். மைக் பக்கத்தில் யாரும் செருப்போடு வரக் கூடாது. மந்திரியே வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பார். மந்திரி யாரும் வரவில்லை, ஆனால் நான் கழற்றினேன். குழுவில் மற்றவர்கள் எல்லோரும் பெஞ்சியில் ஜமக்காளம் விரித்துச் சம்மணம் போட்டு உட்காருவார்கள். தரையில் நிற்பவள் நான் ஒருத்திதான்.

சாகுல் கிட்டாரைச் சொருகிய என் ரேடியோவைத் தன் சாமியோடு சேர்க்க அண்ணாச்சி முதலில் சம்மதிக்கவே இல்லை. வேலியில் போகிற ஓணானை வேட்டியில் எடுத்து விட்டுக்கொள்ள நான் என்ன கிறுக்கனா என்று கேட்டார். ஆனால் ரேடியோவின் சத்தம் பெஞ்சியைத் தாண்டவில்லை. பந்தலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பேசி, தாஜா பண்ணி, ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு வயர் இழுக்க வைத்தார். அப்படி வயர் இழுத்த முதல் கல்யாணத்தில்தான் என் உதடு பொசுங்கியது.

கேட்காத வாசிப்பு

அந்தக் கல்யாணத்துக்குச் சாகுலின் வாப்பா வந்திருந்தார். காதர் மைதீன் பாய் கைத்தறித் துணி வியாபாரி. சுற்றுவட்டாரத்துத் தறிகளில் சேலை, வேட்டி எடுத்து, பெரிய வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். துணியை விரல் நுனியில் ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு வேண்டும், வேண்டாம் என்று சொல்லுகிற மனிதர்.

மகன் கிட்டார் வாசிப்பதில் அவருக்கு மார்க்க ரீதியாக ஏதாவது மனத்தாங்கல் இருக்குமோ என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. அவருடைய குறை வேறு. கல்யாணம் முடிந்து சாகுலிடம் அவர் சொன்னதை அவனே எங்களிடம் வந்து சொன்னான். ஆர்மோனியம் கேட்கிறது, தபேலா கேட்கிறது, டீச்சர் பாடுகிறது கேட்கிறது, நீ வாசிக்கிறது மட்டும் கேட்கவில்லை, கேட்காத ஒன்றை எதற்குப் போய் வாசிக்கிறாய் என்றிருக்கிறார். வயர் இழுத்தும், அண்ணாச்சி பயத்தில் அதன் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார்.

பினாங்கு மாமா கடைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். வாப்பா ஒரு முடிவுக்கு வந்தார். இன்னும் ஒரு தடவை வந்து கேட்பேன். நீ வாசிப்பது என் காதில் விழுந்தால் இங்கேயே இரு, என் துணி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசி. விழாவிட்டால் கப்பல்.

சாகுல் இதைச் சொல்லிவிட்டுத் தலையாட்டினான். கேள்வியே இல்லாத இடத்திலும் தலையாட்டுகிறவன் அவன்.

அடுத்து எங்களுக்கு இருந்தது குற்றாலத்தில் ஒரு நிச்சயதார்த்தம். வீரகேரளம்புதூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் சீசனுக்குப் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். அங்கேயே மகளுக்கு நிச்சயம் வைத்தார். அந்த வீட்டுக்குத் துணி கொடுப்பவர் காதர் மைதீன் பாய் என்பதால் அவருக்கும் அழைப்பு இருந்தது.

புளியறை செக்போஸ்ட்

தென்காசி ரயிலடிக்குப் பக்கத்தில் தாமஸ் சேட்டன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். செங்கோட்டைக்காரர். பேச்சில் பாதி மலையாளம். எந்த ரேடியோவைக் கொண்டுபோனாலும் 'சாரமில்ல', அதாவது பரவாயில்லை, என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் வைத்துக்கொள்வார். திறமைசாலிதான். ஆனால் எதற்கும் பொறுப்பெடுக்க மாட்டார்.

குற்றாலத்துக்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று நாங்கள் கொண்டுபோன என் ரேடியோவைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த மாதிரி ரேடியோவில் கரண்ட் நேராக உள்ளே இருக்கும் தகட்டுக்கே வந்துவிடுமாம். பிளக்கை ஒரு பக்கம் சொருகினால் வராது, திருப்பிச் சொருகினால் வரும். சாகுலுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கிறது. பிளக்கில் சுண்ணாம்பால் அடையாளம்கூட வைத்திருந்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் வயரிங் ஒவ்வொரு மாதிரி. எங்கள் வீட்டுக்கு வைத்த அடையாளம் கல்யாண வீட்டில் தலைகீழாகிவிட்டது. தகட்டுக்கு வந்த கரண்ட் அவன் வயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போய், அங்கிருந்து மைக்குக்கு வந்து, ஈரத்தில் நின்ற என் வழியாகப் பூமிக்கு இறங்கியிருக்கிறது.

ஆக, என்னைச் சுட்டது என் சீர் ரேடியோதான். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்றார் சேட்டன். சத்தம் அந்தப் பக்கம் போகும், கரண்ட் போகாது. அதெப்படி முடியும் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, புளியறை செக்போஸ்ட்டைப் பார்த்ததில்லையா என்றார். ஆள் போகலாம், அரிசி போகக் கூடாது. அந்தக் காலத்தில் மலையாளத்துக்கு அரிசி கடத்துவதைப் பிடிக்க அங்கே ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த தடவை போனபோது சேட்டன் இரண்டு பெட்டிகளைச் செய்து வைத்திருந்தார். ஒன்று பவுடர் டப்பா அளவுக்குச் சின்னது. பழைய ரேடியோவில் கழற்றிய கண்டென்சர்களை வைத்துக் கட்டியது. இன்னொன்று பிஸ்கட் டின்னில் அடங்கியது. உள்ளே கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், தூக்கினால் அம்மிக்குழவி கனம் கனத்தது. எந்தப் பெட்டி வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் நல்லதுதான் என்றார்.

சின்னதில் அரிசி போகாதா என்று நான் கேட்டேன்.

"பஸ் சீட்டுக்கு அடியில கொஞ்சம் போகும் டீச்சரே. சாரமில்ல" என்றார்.

நனைந்த கல்

அண்ணாச்சி தன் சாமியை மாட்டுவண்டியில் வைத்துக் கடைக்கே கொண்டுவந்திருந்தார். அவர் இல்லாமல் அதைத் தொடவிட மாட்டார். பகல் நேரம். வெளியே சாரல் நின்று நின்று தூறியது.

முதலில் சின்னப் பெட்டி. சாகுல் வாசித்தான். வாசலில் வைத்த குழாயிலிருந்து 'டொய்ங், டொய்ங்' என்று மூக்கடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ரேடியோவில் கேட்கும் அந்த ஆழம் இல்லை. ஆனால் கேட்டது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பிறகு பெரிய பெட்டி. சாகுலின் விரல்கள் கம்பியில் நடந்தன. குழாயில் ஏதோ கொசு பறப்பது போல இருந்தது. அவ்வளவுதான். அந்தப் பெட்டி பாதிச் சத்தத்தை முழுங்கிவிடுகிறது, மிச்சமிருக்கும் அடிக்குரல் குழாய் ஸ்பீக்கருக்குப் பழக்கமே இல்லை என்று சேட்டன் விளக்கினார்.

என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். சின்னதுதான். அண்ணாச்சி மைக்கைத் தொட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தொட்டார். ஒன்றுமில்லை என்றார்கள். விசேஷ வீடு இல்லை என்பதால் எல்லோரும் செருப்புப் போட்டு, காய்ந்த சிமிண்டுத் தரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே ஈரத்தில் நின்று தொட்டுப் பார்க்கிறேன் என்றேன். "நீ பாட்டப் பாரு. மெக்கானிக் வேலைய அவரு பாக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். ஏதாவது இருந்தால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அதற்கா இவ்வளவு என்று அண்ணாச்சி சேர்ந்துகொண்டார்.

நான் சாகுலைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கே மனசு இரண்டாக இருந்தது. பெரிய பெட்டியை எடுத்தால் என் உதடு பிழைக்கும், அவனுக்குக் கப்பல். சின்னதை எடுத்தால் அவன் வாப்பா காதில் விழும், என் பாடு சாரலைப் பொறுத்தது. எறும்புக் கடிதானே, தாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

சாகுல் கிட்டாரைக் கீழே வைத்தான். சின்னப் பெட்டியின் வயரைத் திரும்ப மாட்டினான். ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினான். செருப்பைக் கழற்றிவிட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குக் கீழே கிடந்த நனைந்த கல்லில் போய் நின்றான். என்ன செய்யப்போகிறான் என்று நாங்கள் யோசிப்பதற்குள், நான் பாடும்போது வைப்பது போலவே மைக்கை உதட்டில் வைத்தான்.

மைக் ஒரு பக்கம் போய் விழுந்தது. அவன் பின்னால் சரிந்து தெருச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

சாகுல் புறங்கையால் வாயைத் துடைத்தான். கையில் ரத்தம் இருந்தது.

"அக்கா சொன்னது எறும்பு இல்ல அண்ணாச்சி" என்றான். பிறகு எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே, "பெரிய பெட்டியையே வையிங்க" என்றான்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய ஆர்மோனிய விரல்கள் சும்மா வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டில் நான் வரியை மறக்கவில்லை என்பது அவருக்கு அப்போது புரிந்துவிட்டது. மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. அன்று இரவு அவரே சோற்றை வடித்தார்.

பெரிய பெட்டியிலும் அதே கல்லில் நின்று நான் பார்த்தேன். குளிர்ந்த இரும்பு உதட்டில் பட்டது, வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டி என்னைத்தான் காப்பாற்றும், கிட்டார் ரேடியோவோடு இருக்கிற வரைக்கும் வாசிக்கிறவன் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று சேட்டன் சொன்னார். சாகுல் அதற்கும் தலையாட்டினான்.

குற்றாலத்துப் பங்களா

குற்றாலத்தைச் சீசனில் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. துவைத்த துணி எதுவும் காயாது, அப்பளம் பொரித்த நிமிஷமே நமுத்துப்போகும், தலையில் எப்போதும் எண்ணெய் வாசம்.

பங்களாக் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பாதிப்பேர் வராந்தாவில், மீதிப்பேர் வெளியே பலாமரத்தடியில். மரத்தில் அண்ணாச்சியின் குழாய். கூடத்தின் மூலையில் எங்கள் பெஞ்சி. சாகுல் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் என் ரேடியோ, பிறகு அந்தப் பிஸ்கட் டின், அதற்கப்புறம் சந்தனப் பொட்டோடு ஆம்ப்ளிஃபையர்.

காதர் மைதீன் பாய் வந்திருந்தார். வராந்தாவில், வாசல் நிலையை ஒட்டி, மடக்கிய குடையோடு நின்றார்.

நாங்கள் பாட ஆரம்பித்தோம். மரத்திலிருந்து என் குரலும் ஆர்மோனியமும் தபேலாவும் மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தன. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருந்த ரேடியோ எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வராந்தாவில் நின்ற பாய் எங்கே கேட்கப் போகிறார்? அவர் மகனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நடக்கிறது, சத்தம் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஆள், அந்தப் பையன் என்ன, கிட்டாரைச் சொறிந்துவிடுகிறானா என்று கேட்டுச் சிரித்தார். அது எனக்குக் கேட்டது என்றால் சாகுலுக்கும் கேட்டிருக்கும். அவன் நிறுத்தவில்லை. கேட்காத வாசிப்பை ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தான்.

உதட்டில் ரத்தத்தோடு 'பெரிய பெட்டியையே வையிங்க' என்றவன் அவன். அந்த ஒரு சொல்லுக்காக அவன் கப்பல் ஏற வேண்டுமா?

பாய் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். வாசல் பக்கம் திரும்பினார்.

நான் அடுத்த பாட்டின் முதல் வரியை எடுத்தேன். எடுத்த வேகத்தில் சட்டென்று உதட்டைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

"மைக்குல அடிக்கு" என்றேன்.

அடிக்கவில்லை. மைக் பச்சைப்பிள்ளை மாதிரி சாதுவாக இருந்தது. ஆனால் தாமஸ் சேட்டன் கடையில் சாகுல் விழுந்ததைப் பார்த்த பிறகு அண்ணாச்சிக்குக் குலை நடுக்கம் விட்டிருக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் போய் ஆம்ப்ளிஃபையரை அணைத்தார். என் வீட்டுக்காரர் ஆர்மோனியத்தை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். நிஜமாக ஷாக் அடித்தபோது ஒருத்தரும் நம்பவில்லை. பொய் சொன்னபோது நான் சொன்ன வாய் மூடுவதற்குள் அத்தனை பேரும் நம்பினார்கள். இதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

சாகுலின் முகம்தான் வெளுத்துவிட்டது. பெட்டி கைவிட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறான். நான் அவனைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் இல்லை என்று தலையை அசைத்தேன். அவனுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

"மைக்கு கெடக்கட்டும். நான் சும்மாவே பாடுதேன்" என்றேன். மைக்கைத் தாண்டி வந்து கூடத்தின் நடுவில் நின்றுகொண்டேன்.

பலாமரத்தடியில் சலசலப்பு. மைக் நின்ற நிச்சயம் நிச்சயமா, இழவு வீடா என்று யாரோ கேட்டார்கள். பண்ணையார் வீட்டு அம்மாள் மட்டும், பாடட்டும், என்ன இப்போ என்றார். நான் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற மாதிரி ஒரு பழைய பாட்டை எடுத்தேன். வேண்டுமென்றே தாழ்ந்த சுருதியில் எடுத்தேன்.

சாகுல் சேர்ந்தான்.

குழாய் வாயை மூடியதும்தான் அந்தக் கூடத்துக்கு எங்கள் வீட்டு முன்னறையின் குணம் வந்தது. ரேடியோவின் மரப்பெட்டியிலிருந்து அந்தக் கனமான சத்தம் தரையோடு தரையாக வந்து எல்லோருடைய காலடியிலும் நின்றது. அவன் ஒரு கம்பியை விட்டு அடுத்ததுக்குப் போகும் இடைவெளிகூடத் தெரிந்தது. ஓட்டின் மேல் சாரல் விழும் சத்தம் கேட்டது. அதற்குக் கீழே சாகுல் கேட்டான்.

வராந்தாவில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். நான் கத்திப் பாட வேண்டியிருந்தது. தொண்டை கிழிகிறது என்று தெரிந்தது. கிழியட்டும் என்று விட்டேன்.

காதர் மைதீன் பாய் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நேராக ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மகனைப் பார்க்கவில்லை. துணியைப் பார்ப்பது போலக் குனிந்து, ரேடியோவின் மர முதுகில் உள்ளங்கையை வைத்தார். பாட்டு முடியும் வரை எடுக்கவில்லை.

முடிந்ததும் அண்ணாச்சி சரி, வயரைப் பார்க்கிறேன் என்று ஆம்ப்ளிஃபையர் பக்கம் குனிந்தார்.

பாய் ரேடியோவின் மேல் வைத்த கையை எடுக்காமலே மகனிடம் கேட்டார்.

"ஏலே, இத்தன நாளும் இதையாலே வாசிச்சுக்கிட்டு இருந்த?"

சாகுல் தலையாட்டினான். அன்றுதான் அந்தத் தலையாட்டலுக்கு ஒரு பொருள் இருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். எனக்கும் அதே கதிதான்.

பாய் என் பக்கம் திரும்பினார். அதுவரைக்கும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னொண்ணு பாடும்மா" என்றார். அண்ணாச்சியைப் பார்த்து, "மைக்கு வேண்டாம்" என்றார்.

இரண்டாவது பாட்டில் சரணத்துக்கு என் குரல் உடைந்தது. காற்றுத்தான் வந்தது. சாகுல் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டு போனான். என் வீட்டுக்காரர் ஆர்மோனியத்தை மூடிவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவன் வாசிப்பதைக் கேட்டார்.

அந்த வருஷம் பினாங்குக்குச் சாகுலின் சித்தப்பா மகன்தான் கப்பல் ஏறினான்.